மஞ்சள் வைத்த இருநூறு பைகள்

மலாக்காவின் குருபோங் தொழிற்பேட்டைக்கு நான் பேக்டரி பஸ் ஓட்டிய காலத்தில், போகும்போது இருந்ததைவிட வரும்போது கனமாக வருகிறவர் குஞ்சம்மா அக்கா ஒருவர்தான். மற்றப் பெண்கள் காலிச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அக்கா இரண்டு கோணிப்பைகளை முதலில் தள்ளி ஏற்றிவிட்டு, அப்புறம்தான் தாம் ஏறுவார். உள்ளே என்னவென்று யாரும் கேட்பதில்லை. குப்பை என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

அது கார் சீட்டுக்கு உறை தைக்கும் பேக்டரி. அக்கா அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தார். அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வீடு கட்டுகிறவர்களுக்குத் தோட்டத்தை விற்றபோது குடும்பத்தோடு குருபோங் மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அவருடைய கணவர் மணியம் அண்ணன் தங்கா பத்து பக்கம் இரவுக் காவல் வேலை பார்த்தார். மகனுக்கு ஜொகூரில் வேலை. மருமகள் ஷாந்தினியும் கைக்குழந்தையும் அக்காவோடு இருந்தார்கள்.

அந்தப் பேக்டரியில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷின் ஒரே வெட்டாக வெட்டும். சீட்டின் வடிவம் போக மிச்சம் கீழே விழும். தையல் கடையில் விழுகிற மிச்சம் கைக்குட்டைக்கும் ஆகாது. இங்கே விழுவதில் ஒரு குழந்தைக்குக் கவுன் தைக்கலாம். நிறம் கொஞ்சம் மாறிப்போனது என்று ரோலின் கடைசியில் ஒரு கஜம், ஒன்றரைக் கஜம் அப்படியே ஒதுக்குவதும் உண்டு. எல்லாவற்றையும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய், எங்கோ செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் கொளுத்திவிட்டு வரும்.

அக்காவுக்கு இதுதான் தாங்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதுத் துணி என்பது தீபாவளிக்குத் தீபாவளி. ஒரு கிழமையில் ஒரு லாரி புதுத் துணி புகையாகிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? சூப்பர்வைசர் லிம்மிடம் கேட்டார். லிம், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், ஆனால் தரையில் ஒரு நூல்கூட இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கோணிப்பைகள் என் பஸ்ஸில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

சீட்டின் வெளிப்புறத்துக்குப் போடும் கருஞ்சாம்பல் துணி தடியானது, கிழியாது. அதை இரண்டு மடிப்பாக வைத்து அக்கா கால்மிதி தைத்தார். அப்புறம் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை, சாப்பாட்டு டப்பா வைக்கும் பை, குழந்தைக்குத் தலையணை. தலையணைக்குள் அடைத்தது கைக்கு அடங்காத நறுக்குத் துணி. எதையும் வெளியில் போடுவதில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் சனிக்கிழமை சாயங்காலம் பாயை விரித்துப் போட்டால் கடையை எடுப்பதற்குள் பாதிக்குமேல் போய்விடும். என் பஸ்ஸில் முன்சீட்டின் மூலை கிழிந்து பஞ்சு வெளியே தள்ளியிருந்ததற்கும் அக்காதான் ஒரு முக்கோணத் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. கோணிப்பைக்கு நான் டிக்கெட் கேட்காததற்குச் சரியாகிவிட்டது.

ஒரு பழக்கம் மட்டும் அக்காவுக்கு. புதுத் துணியை உடுத்துவதற்கு முன்னால் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளைக் குழைத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். அக்கா தைத்த எல்லாவற்றுக்கும் வைப்பார். தையல் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் கோப்பையில் விரலைத் தொட்டு, கீழ் மூலையில் ஒரு பொட்டு. கால்மிதிக்கும் உண்டு. காலைத் துடைக்கிறதுக்கு மங்களம் எதற்கு என்று நான் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அக்கா சிரிக்காமல், வாங்குகிறவர் வீட்டுக்கு முதலில் மஞ்சள்தான் போகவேண்டும் என்பார். கருஞ்சாம்பல் துணியில் அந்தப் பொட்டு தெரியவும் தெரியாது. வாங்கியவர்களும் பெரும்பாலும் நம் ஆட்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தொண்ணூற்றேழில் புகைமூட்டம் வந்ததே, அப்போதுதான் எல்லாம் மாறியது. சுமத்ராவில் காடு எரிந்து மலாக்கா முழுக்கப் புகை. திறந்த வெளியில் எதையும் கொளுத்தக்கூடாது என்று உத்தரவு. லாரிக்காரன் இனி வரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். பேக்டரிக்குப் பின்னால் துணி மலையாக ஏறியது. லிம் அக்காவைக் கூப்பிட்டு, இனிமேல் கிழமைக்கு ஒரு தடவை அத்தனையையும் நீயே எடுத்துக்கொள், எடுத்தால் எல்லாவற்றையும் எடு, பாதியை விட்டுவிட்டுப் போனால் நான் குப்பைக் கிடங்குக்கு அனுப்ப வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும், அப்புறம் உனக்கு ஒரு துண்டும் கிடையாது என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு அவர் தலைவலி.

அக்கா துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அவ்வளவு துணியைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே தைக்க முடியாது. ஷாந்தினி மறுபடியும் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு இரவு ஷிப்ட் போவதாக இருந்தாள். கைக்குழந்தையை விட்டுவிட்டு நீ போகவேண்டாம், இங்கேயே உட்கார் என்று அக்கா அவளைப் பிடித்து நிறுத்தினார். பக்கத்துத் தெருவில் சும்மா இருந்த பெத்தம்மாளையும் கூப்பிட்டுக்கொண்டார். பழைய மெஷின் மூன்று. வரவேற்பறை முழுக்கத் தையல்.

கருஞ்சாம்பல் துணி தைக்கத் தைக்கப் போனது. இடித்தது கிரீம் துணி. சீட்டின் உள்பக்கத்துக்குக் கொடுக்கும் லைனிங் அது. மெல்லியது, ஆனால் நல்ல கெட்டி. ரோல் முனையாக நிறைய வரும். கிரீம் நிறத்தில் கால்மிதி யார் வாங்குவார்? ஒரே நாளில் அழுக்காகிவிடும். மணியம் அண்ணன் பகலில் தூங்குகிற இடம் நாலு பக்கமும் துணி ஏறி ஒரு குழியாகிவிட்டது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மெத்தை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஆனால் இன்னும் இரண்டு மூன்று கிழமை போனால் அந்தக் குழிக்கும் இடமிருக்காது. கிரீம் துணிக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் அக்காவால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. எடுக்காவிட்டால் எதுவும் கிடையாது. அக்காவுக்குத் துடைப்பம், ஷாந்தினிக்கு இரவு ஷிப்ட்.

வழி பிறந்தது என் மூலமாக என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்த அந்தோணிராஜ் ஆயர் குரோவில் ஒரு ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து துணியைக் காட்டினேன். அறைக்கு அறை அலமாரியில் தொங்கவிட ஒரு பை வேண்டும், பிளாஸ்டிக் பை கிழிந்துபோகிறது என்றான். ஒரு மாதிரிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா அதே அளவில் ஒன்று தைத்துக் காட்டினார். அது வெறும் மாதிரிப் பை, விற்பதற்கில்லை என்பதாலோ என்னவோ அதில் மஞ்சள் வைக்கவில்லை. ஓட்டலுக்குச் சாமான் வாங்கும் மலாய்க்கார அம்மா புவான் ரோகானிக்குப் பிடித்துவிட்டது. முதலில் இருநூறு பை. சரியாக இருந்தால் மாதாமாதம். மாதாமாதம் என்ற வார்த்தையை அக்கா அந்தோணிராஜை இரண்டு தடவை சொல்லவைத்தார்.

மூன்று பேரும் மூச்சுவிடாமல் தைத்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிற அன்றைக்கு அக்கா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். ஓட்டலின் பின்வாசலில் மேசை போட்டிருந்தார்கள். புவான் ரோகானி ஒரு பையை எடுத்து விரித்தார். தையலை இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். அப்புறம் கீழ் மூலையைப் பார்த்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதற்கப்புறம் இன்னொன்று. கிரீம் துணியில் அந்த மஞ்சள் பொட்டு பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. கறையா என்று மலாயில் கேட்டார். எல்லாப் பையிலும் ஒரே இடத்தில் எப்படிக் கறை படும் என்று அவருக்குப் புரியவில்லை.

அந்தோணிராஜுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்றாலும் வளர்ந்தது எங்களோடு. அவன் முகத்தில் சிரிப்பும் கோபமும் முட்டிமோதியது எனக்குத் தெரிந்தது. அக்காவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"என்னாக்கா இது, எல்லாப் பையிலயும் மஞ்ச?"

"புதுத் துணிலா தம்பி. வெக்காம எப்பிடிக் குடுக்கிறது?"

"புதுத் துணியா? பேக்டரி வேஸ்ட்டுக்கா இது. இது என்னா பைன்னாவது தெரியுமா? ரூமுக்கு வர்றவங்க அழுக்குத் துணியக் கழட்டிப் போடுற பை. டோபிக்குப் போறது."

அக்காவுக்குத் தெரியாது. அறையில் தொங்கவிடும் பை என்றுதான் நாங்கள் சொல்லியிருந்தோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நல்ல துணியை வைத்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்திருப்பார். மேசைமேல் கிடந்த பைகளைப் பார்த்தார்.

"வேஸ்ட்டுன்னு சொல்லாத தம்பி," என்றார். "கீழ கெடந்தப்பதான் அது வேஸ்ட்டு."

புவான் ரோகானியைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. மஞ்சள் என்று அந்தோணிராஜ் எடுத்துச் சொன்னதும், தம் வீட்டுச் சமையலிலும் மஞ்சள் உண்டு, ஆனால் அறைக்கு வருகிறவர்கள் யாரோ பாவித்த அழுக்குப் பை என்றுதான் நினைப்பார்கள் என்றார். ஒரு கிழமை தருகிறேன், கறை போக்கிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் வேறு இடத்தில் சொல்லிவிடுவேன் என்றார். இருநூறு பையையும் திரும்ப பஸ்ஸில் ஏற்றினோம். வழி முழுக்க நான் ரேடியோவைப் போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஷாந்தினி பதறிப்போய் ஒரு தொட்டி நிறையச் சவர்க்காரத் தூளைக் கரைத்து, கைக்கு வந்த பைகளை அமுக்கிவிட்டாள். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று ஒருதடவை குழம்புச் சட்டி கழுவியவர்களுக்குத் தெரியும். பதற்றத்தில் அவளுக்கு மறந்துவிட்டது. மஞ்சள் பொட்டெல்லாம் குங்குமப் பொட்டானது. அக்கா அவளைத் திட்டி நான் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். திட்டிவிட்டு, அவரே தொட்டியருகே உட்கார்ந்து நல்ல தண்ணீரில் அலசி அலசி எடுத்தார். சிவப்பு இறங்கியது. மஞ்சள் அப்படியே இருந்தது.

மஞ்சள் கறைக்கு மருந்து வெயில்தான். நல்ல வெயிலில் போட்டால் தானாக வெளிறிப் போய்விடும். கல்யாண வீட்டு வேட்டியெல்லாம் அப்படித்தான் வெளுக்கிறது. ஆனால் வெயிலுக்கு எங்கே போவது? புகைமூட்டத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகள் மூக்கை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பந்து விளையாடும் திடலின் வேலி நெடுக அக்கா பைகளைத் தொங்கவிட்டார். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் மஞ்சளும் போகவில்லை, புகை நாற்றம் வேறு ஏறியிருந்தது. அடுத்த நாளும் அதே கதை. தங்கா பத்து கடற்கரைக்கு பஸ்ஸில் கொண்டுபோய்க் காயப்போட்டால் என்ன, அங்கே காற்று இருக்குமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். இந்தப் புகை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அக்கா கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து.

ஓட்டல் கொடுத்த தவணை முடிய இன்னும் மூன்று நாள். நான் வேலை முடிந்து பஸ்ஸை வாசலில் நிறுத்திப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அக்கா ஏறி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். வரும் திங்கட்கிழமை காலை நடையில் ஓர் இடம் இருக்குமா என்று கேட்டார். பழைய வேலையைத் திருப்பிக் கொடுப்பாரா என்று லிம்மைக் கேட்டாராம். கொடுக்கிறேன் என்றாராம். ஷாந்தினியும் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாளாம். இடம் இருக்கிறது என்றேன். எத்தனையோ பேர் என் பஸ்ஸில் வேலைக்கு ஏறியிருக்கிறார்கள். ஓர் ஆள் ஏறக்கூடாது என்று நான் நினைத்தது அப்போது மட்டும்தான்.

பேசிக்கொண்டே அக்காவின் கை சீட்டின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவரே தைத்த முக்கோணத் துண்டு. பேச்சை நிறுத்தினார். குனிந்து அதைப் பார்த்தார். இதற்குக் கீழே பஞ்சு பிதுங்கியிருந்தது ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது என்றேன். எழுந்து மடமடவென்று இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். திங்கட்கிழமை இடம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லவேயில்லை.

நான் பின்னாலேயே போனபோது கருஞ்சாம்பல் துணியில் முக்கோணம் வெட்டிக்கொண்டிருந்தார். பையின் மஞ்சள் பட்ட மூலைமேல் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒட்டுப் போட்டது போலிருக்கும் என்று எதிர் மூலையிலும் ஒன்று. மஞ்சள் மறைந்துவிட்டது. பார்க்கவும் நன்றாக இருந்தது. முதலிலேயே அப்படித்தான் தைத்தது என்று சத்தியம் பண்ணலாம். ஷாந்தினி எழுதிக்கொண்டிருந்த மனுவைத் தூக்கிப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். பெத்தம்மாளை நான் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்கு இல்லை. முதல் பையை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி படத்த செவுத்துப் பக்கம் திருப்பி வெச்ச மாதிரி இருக்கு," என்றார். சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

புகை நாற்றம் போக இன்னொரு தடவை அலசி, வீட்டுக்குள் காற்றாடிக்குக் கீழே உலர்த்தி, தவணை முடிகிற அன்று கொண்டுபோய்க் கொடுத்தோம். புவான் ரோகானி மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பை முதலில் கிழிகிற இடம் அதுதானாம். கிரீம் நிறத்துக்கு அந்தக் கருஞ்சாம்பல் எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தால் அக்கா சொல்லியிருப்பார். அந்தோணிராஜ் கேட்கவிடவில்லை, அடுத்த மாதத்துப் பேச்சுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். மாதாமாதம் பை வேண்டும், இதே போல மூலை வைத்து வேண்டும் என்று முடிவானது. அக்காவுக்குப் பின்வாசலில் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அந்தோணிராஜ் தட்டை நீட்டும்போது, அன்றைக்குக் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன் அக்கா என்றான். அக்கா பரவாயில்லை என்று ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அந்த மாதத்துக் கிரீம் துணியெல்லாம் வெளியேறியது. மணியம் அண்ணன் காலை நீட்டிப் படுத்தார். லிம்மின் பின்கட்டு காலியானது. திங்கட்கிழமை காலை நடையில் முன்சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து வந்தார்கள்.

மழை பெய்து புகைமூட்டம் விலகிய பிறகுதான் இரண்டாவது தவணைப் பைகளைத் தைக்க உட்கார்ந்தார்கள். ரோல் முனைகளை இறக்கிவைக்க நானும் போயிருந்தேன். முதல் பை அக்காவின் மெஷினில் மூலைக்கு வந்து நின்றது. ஷாந்தினி வழக்கம்போல மஞ்சளைக் குழைத்துக் கோப்பையைக் கொண்டுவந்து அக்காவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். எப்படியும் மூலையை மூடித்தான் தைக்கப்போகிறோம், இனி ஒரு பயமும் இல்லை என்றாள். ஓட்டல்காரர்களுக்கும் குறையில்லை, நம் வழக்கமும் விட்டுப்போகாது என்று பெத்தம்மாள் மெச்சிக்கொண்டார். நானும்கூட நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அக்கா விரலை நீட்டினார். கோப்பையைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம் ஷாந்தினி."

"ஏன் அத்த? மூடிட்டா யாருக்குத் தெரியும்?"

"அதுக்குத்தான் வேணாங்கிறேன். மஞ்ச நாலு பேரு பாக்க வெக்கிறது. ஒளிச்சு வெச்சா, அது கறதான்னு நாமளே ஒத்துக்கிட்டதாயிரும்."

அக்கா எழுந்து கோப்பையைச் சமையல்கட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வெறும் மூலையின் மேல் கருஞ்சாம்பல் துண்டை வைத்து, ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார்.